இருபதாவது நிமிடம்

பெயரில் இருதயம்.
சீட்டில் எழுதியிருந்தது ஈரல்.
இருதயசாமி, அறுபத்தொன்று, ஆண்டாப் ஹில்,
எடை எழுபத்திரண்டு, கிரியாட்டினின் சரி.
இரவு ஒரு மணிக்கு வந்தால் முப்பது சதவீதம் தள்ளுபடி,
அதனால் பரேலில் எங்கள் எந்திரம் உறங்குவதில்லை.

உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றேன்.
சிரித்தார்.
"முப்பத்தஞ்சு வருசம் டாக்ல கிரேன் ஓட்டினவன்மா,
இரும்பு இல்லாம நான் யாரு?"
கடிகாரம், பெல்ட், ஜெபமாலை,
கீழ்வரிசைப் பல் செட்டு.
கடைசியில் தயங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று,
வெள்ளி அரைஞாண்.
திருகு கழலச் சோப்புத் தண்ணீர் கேட்டது.
மற்றதெல்லாம் லாக்கருக்குப் போனது.
இதை மட்டும் "நீயே வச்சுக்கம்மா" என்றார்.
என் மேசை இழுப்பறையில்
பேனாக்களுக்கு நடுவே சுருண்டுகொண்டது.

எந்திரத்துக்குள் ஒரு பெண் குரல் உண்டு,
ஆங்கிலத்தில் மூச்சை இழுக்கச் சொல்வாள்.
அவள் சொல்லச் சொல்ல "எஸ் மேடம்" என்று
மரியாதையாகப் பதில் சொன்னார்.
படம் முழுக்க அலையடித்தது.
அவளை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தேன்.

இழுங்க.
விடுங்க.
அப்படியே நிறுத்துங்க.

என்ன நிறுத்தம் அது!
இருபது விநாடி,
கட்டிய படகுகூட அவ்வளவு அசையாமல் நின்றதில்லை.

மருந்து தண்ணீர் நிறம்தான்.
முழங்கையில் சில்லென்று ஏறும் என்று முன்பே சொல்லியிருந்தேன்.
"ஈரக்குலை நடுங்குதுன்னு சொல்வோமே,
அதையா இப்ப பாக்குறீங்க?"
அதேதான்.
"நடுங்குதா?"
இல்லை. நல்லா நிக்குது.

திரையில் மூன்று புள்ளிகள்.
இரண்டு வெறும் நீர்க்குமிழி, எந்த வெளிச்சத்துக்கும் அசையாதவை.
மூன்றாவது,
தமனியில் மருந்து வந்த மாத்திரத்தில்
ஈரலுக்கு முன்னால் தான் எரிந்தது.
ஒரு நிமிடம் கழித்து ஈரல் ஒளிர,
அது மங்கிவிட்டது.

இனி இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.
ஈரலின் நல்ல செல்கள் மருந்தை மெல்ல மெல்லக் குடிக்கும்.
குடிக்காதது எது என்று அப்போது தெரியும்.
கீழே சைக்கிள் டீக்காரன் மணியடித்துப் போனான்.
குழாய்க்குள்ளிருந்து இருதயசாமி பேசினார்,
மோட்டு வளைவைப் பார்த்தபடி:

கிரேன் மேலே உட்கார்ந்தால்
கப்பலின் அடிவயிறு தெரியாதாம்.
கீழே ஒருத்தன் நின்று கை காட்டுவான்.
தூக்கு என்றால் தூக்கு. முஷ்டி மடக்கினால் நிறுத்து.
"கண்ணால பாக்காத சரக்கத்தான்
வாழ்நாள் பூரா தூக்கியிருக்கேன்.
ஒண்ணு மட்டும்மா,
கை காட்டுறவன் கைய பைக்குள்ள வச்சுக்கக் கூடாது."

இழுங்க. விடுங்க. நிறுத்துங்க.
கடைசிப் படம்.
ஈரல் முழுக்கப் பால்வெள்ளை.
அதில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு
கறுப்பு.

வெளியே வந்து பல்லை மாட்டிக்கொண்டு கேட்டார்,
"மூச்ச சரியா பிடிச்சேனா?"
உங்களை மாதிரி இந்த மாசம் யாரும் பிடிக்கலை.
அது பொய்யில்லை.
"வேற ஏதாச்சும்..."
ரிப்போர்ட் டாக்டர்தான் தருவார்.
அதுவும் பொய்யில்லை.
என் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

அடுத்த சீட்டில் ஒரு பார்சி அம்மாள், முழங்கால்.
கையெழுத்துக்குப் பேனா தேடி இழுப்பறையைத் திறந்தேன்.
அரைஞாண்.

லிப்ட் வரவில்லை.
நான்கு மாடி இறங்கி ஓடினேன்.
கேட்டுக்கு வெளியே டாக்சிக்காரனிடம்
ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

நீட்டினேன்.
வாங்கிக்கொண்டார்.
நீட்டிய கையை நான் மடக்கவில்லை.
"வெள்ளிக்கிழமை வரைக்கும் வேண்டாம்.
காலையிலயே டாக்டரப் பாருங்க.
பத்து மணிக்கு.
தள்ளிப் போடாதீங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கையைப் பார்த்தார்,
டாக்சிக்காரன் மீட்டரைத் தட்டி அவசரப்படுத்தும்வரை.